பகலில் காணாமல் போகும் செள்ளு

பொழுது சாய்ந்தால் கோழிகள் தாமாகவே வந்து கூட்டில் அடைந்துவிடும். நமக்கு இருக்கிற வேலை கதவைச் சாத்துவது மட்டும்தான். எங்கள் கோழிகள் ஒரு நாள் இந்த வழக்கத்தை விட்டன. கூட்டு வாசல் வரை வந்து, கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு மாதிரி முனகிக்கொண்டே திரும்பிப் போயின. இரண்டு கோழிகள் மரக்கிளையில் ஏறி உட்கார்ந்துகொண்டன. ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். மறுநாளும் இதே கதை.

உள்ளே பாம்பு வந்து போகிறது என்று நினைத்தேன். டார்ச் எடுத்துக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் தேடினேன். பாம்பும் இல்லை, எலி வளையும் இல்லை. சுவரெல்லாம் சுத்தமாகத்தான் தெரிந்தது. பட்டப்பகலில் தேடினேன் என்பதுதான் அதில் இருந்த கோளாறு. அது தெரிய எனக்கு மூன்று வாரம் ஆனது.

அப்போது என்னிடம் 11 பெட்டைகளும் ஒரு சேவலும் இருந்தன. அந்த மூன்று வாரத்தில் நடந்ததை இப்போது வரிசையாகச் சொல்ல முடிகிறது. அன்றைக்கு எல்லாம் தனித்தனி விஷயமாகத்தான் தெரிந்தது. முட்டை குறைந்தது, வெயில் காலம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டேன். கொண்டைகள் சிவப்பு வெளுத்து, கழுவிக் கழுவிச் சாயம் போன துணி மாதிரி ஆயின. தீவனத்தில் சத்து போதவில்லை என்று நினைத்தேன். முட்டை ஓட்டில் ஊசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. துடைத்தால் இழுபட்டுப் போயின. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. முட்டை எடுத்துவிட்டு வந்தால் முன்கை அரித்தது. வைக்கோல் தூசு என்று கழுவிக்கொண்டேன்.

பழுப்புப் பெட்டை ஒன்று 9 முட்டைகளோடு அடை படுத்திருந்தது. பதினாலாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், படுத்த வாக்கிலேயே செத்துக் கிடந்தது. உடம்பில் ஒரு காயம் இல்லை. அதைத் தூக்கியபோது காற்றுப் போன பந்து மாதிரி இருந்தது. வாய்க்குள்ளும் கண் ஓரத்திலும் சொட்டு ரத்தம் இல்லாதது போல வெளுப்பு. அடியில் இருந்த வைக்கோலைப் புரட்டினேன். சாம்பல் கொட்டியிருப்பது போல இருந்தது. அந்தச் சாம்பல் நகர்ந்தது.

செள்ளு என்றும் தெள்ளு என்றும் ஊருக்கு ஒரு பேர் சொல்வார்கள். சில இடங்களில் எல்லாவற்றையும் சேர்த்துக் கோழிப்பேன் என்றே சொல்லிவிடுவார்கள். பேன் வேறு, இது வேறு. பேனுக்கு ஆறு கால். வைக்கோல் நிறத்தில் தட்டையாக இருக்கும். இறகை விலக்கினால் விடுவிடுவென்று ஓடும். இறகின் அடியில் வெள்ளைக் கட்டியாக முட்டை ஒட்டியிருக்கும். பெரும்பாலும் இறகையும் தோல் செதிலையும் தின்று வாழும். எங்கள் கூட்டில் இருந்தது சிற்றுண்ணி. வளர்ந்ததற்கு எட்டுக் கால், சிலந்தியின் உறவு. முழு வளர்ச்சியிலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. பசியோடு இருந்தால் சாம்பல் வெள்ளை. ரத்தம் குடித்திருந்தால் நல்ல சிவப்பு. சிவப்புச் சிற்றுண்ணி என்பதும் அதனால்தான். அறிவியல் பெயர் டெர்மனிசஸ் கேலினே.

இதை எதற்கு இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், பேன் என்று நினைத்துக்கொண்டு நான் செய்த வைத்தியம் அத்தனையும் வீணாகப் போனது. கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, தலைகீழாகத் தொங்கவிட்டு, இறகுக்குள் பேன் பொடியைத் தேய்த்தேன். இறகை விலக்கிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. பொடி வேலை செய்துவிட்டது என்று சந்தோஷம் வேறு. பொடி போடுவதற்கு முன்னாலும் பகலில் அங்கே ஒன்றும் இருந்திருக்காது. இந்தச் சிற்றுண்ணி கோழி மேல் குடியிருப்பதில்லை. இருட்டிய பிறகு மரச் சந்திலிருந்து இறங்கி வரும். அரை மணி, ஒரு மணி நேரம் ரத்தம் குடிக்கும். விடிவதற்குள் திரும்பவும் சந்துக்குள் போய்விடும். குடியிருப்பது, முட்டையிடுவது, பெருகுவது எல்லாம் அங்கேதான். கோழி அதற்குச் சாப்பாட்டுக் கடை மாதிரி. நான் கடையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட வருகிறவர்கள் பக்கத்துத் தெருவில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அடைக்கோழி செத்த அன்று இரவு, இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து, ஒரு வெள்ளைத் துணியோடு போனேன். கோழிகள் உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்தில் துணியை அழுத்தி இழுத்தேன். வெளிச்சத்தில் பார்த்தால் குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்துத் தடவியது போல ஒரு கோடு. எங்கள் கோழிகளின் ரத்தம்தான் அது. டார்ச்சைக் கட்டைமேல் அடித்தேன். ஒரு பெட்டையின் காலில் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. கோழி ஒரு காலை உதறியது, மறு காலை உதறியது, பிறகு சலித்துப்போய் அப்படியே நின்றது. மூன்று வாரமாகப் பிடித்துப் பிடித்து நான் இதற்குள்தான் தள்ளிவிட்டிருக்கிறேன்.

உங்கள் கூட்டில் சந்தேகம் இருந்தால் முதலில் இந்தத் துணிச் சோதனையைச் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை. வெள்ளைத் தாளும் போதும். பகலில்தான் பார்க்க முடியும் என்றால், கட்டையின் இரண்டு முனைகளும் சுவரில் பொருந்தும் இடத்தைப் பாருங்கள். உப்பையும் மிளகுத் தூளையும் கலந்து கொட்டியது போலத் தூள் அப்பியிருந்தால், அது அதன் எச்சமும் உரித்த தோலும். ஒரு கத்தி முனையை அந்தச் சந்தில் விட்டு நெம்புங்கள். மீதி தானாக வெளியே வரும்.

மறுநாள் கோழிகளை வேறு இடத்தில் அடைத்துவிட்டு, கூட்டைப் பிரித்தேன். பழைய பலகைகளால் நானே அடித்த கூடு அது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று உள்பக்கம் இரண்டடுக்குப் பலகை போட்டிருந்தேன். அந்த இரண்டு அடுக்குக்கு நடுவில் இருந்த இடைவெளிதான் அதுகளின் ஊர். கட்டையைச் சுவரிலிருந்து கழற்றியதும் அந்தக் குழியில் ஒரு கைப்பிடி அளவுக்குச் சாம்பலும் சிவப்புமாகக் குவியல் கொதித்துக்கொண்டிருந்தது. கொதித்தது என்பதற்குமேல் நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. ஒருவித வாடையும் வந்தது, பழைய ஈரத் துணி வாடை போல. சட்டைக் கைக்குள் ஏறியதை அன்று இரவு வரை உணர்ந்தேன். மனித உடம்பில் இது குடியேறாது, பெருகாது. ஆனால் கடிக்கும், நன்றாகவே அரிக்கும். அந்த வேலைக்குப் போகும்போது பழைய உடுப்பு போட்டுக்கொண்டு, முடிந்ததும் அதைக் கொதிநீரில் போட்டுவிட்டு, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும்.

தரையில் இருந்த வைக்கோல், மரத்தூள், முட்டைப் பெட்டியில் இருந்த மெத்தை எல்லாவற்றையும் வாரி அன்றே எரித்தேன். எருக்குழியில் போடலாமே என்று தோன்றும். வேண்டாம், அங்கிருந்து நடந்தே திரும்பி வரும். பிறகு சுரண்டல். பலகைச் சந்து, ஆணிக் குழி, கீல், தாழ்ப்பாளின் பின்பக்கம் எல்லாம் பழைய கத்தியால் சுரண்டினேன். அதன் பிறகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். இந்தப் பூச்சி 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்காது, அதனால் வெந்நீர் நல்ல மருந்துதான். ஆனால் தண்ணீர் சந்துக்குள் போய்ச் சேருவதற்குள் ஆறிவிடும். கெட்டில் கெட்டிலாக ஊற்ற வேண்டியிருந்தது. கழற்ற முடிந்த பலகைகளை உச்சி வெயிலில் போட்டுப் புரட்டிப் புரட்டிக் காய வைத்தேன்.

கேஸ் பர்னரால் சந்துகளைத் தீய்த்துவிடலாம் என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தார். தீய்த்தேன். பலகைக்குப் பின்னால் தங்கியிருந்த இறகும் தூசும் பற்றிக்கொண்டு, ஒரு வாளித் தண்ணீர் தயாராக இருந்ததால் கூடு பிழைத்தது. இரும்புச் சட்டத்துக்கு அது சரி. மரக் கூட்டில் அந்த விளையாட்டு வேண்டாம். மண்ணெண்ணெய் அடிப்பதும் அப்படித்தான். செள்ளு சாகும், ஆனால் அந்த நாற்றத்தில் கோழியை அடைக்க முடியாது. தீப்பிடிக்கும் பயம் வேறு.

எல்லாம் காய்ந்ததும் சந்துகளில் டயட்டம் மண் தூவினேன். கடல், ஏரி அடியில் படிந்த நுண்பாசிகளின் கூட்டிலிருந்து வரும் சிலிக்கா தூள் அது. பூச்சியின் உடம்பின் மேல் இருக்கும் மெழுகுப் பூச்சை உறிஞ்சிவிடும். பூச்சி ஈரம் இழந்து காய்ந்து சாகும். ஈரப் பலகையில் தூவினால் ஒரு பயனும் இல்லை. தூவும்போது முகமூடி கட்டாயம். அந்தத் தூசு நம் நுரையீரலுக்கும் ஆகாது, கோழியின் நுரையீரலுக்கும் ஆகாது. கூட்டில் புகை மூட்டம்போல அள்ளித் தூவுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கோழியின் மூச்சுப்பை நம்முடையதைவிட மென்மையான சமாச்சாரம். சந்தில் மட்டும், சிறு தூரிகையால் தடவினால் போதும்.

இத்தனையும் செய்து முடித்த அன்று இரவு துணியைத் தேய்த்துப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று வந்தது. வென்றுவிட்டேன் என்று தூங்கினேன். ஒன்பதாம் நாள் இரவு மறுபடியும் கோடு.

இங்கேதான் நிறையப் பேர் மருந்து சரியில்லை என்று வேறு மருந்துக்குத் தாவுகிறார்கள். மருந்து சரிதான், கணக்குத்தான் தப்பு. வெந்நீருக்கும் தூளுக்கும் தப்பித்த முட்டைகள் சந்தின் ஆழத்தில் இருக்கும். இரண்டு மூன்று நாளில் குஞ்சு வெளியே வரும். அதற்கு முதலில் ஆறு கால்தான், ரத்தம் குடிக்காது. தோல் உரித்த பிறகுதான் எட்டுக் காலோடு குடிக்கத் தொடங்கும். நல்ல வெப்பமும் ஈரப்பதமும் இருந்தால் முட்டையிலிருந்து முட்டையிடும் பருவம் வரை 7 முதல் 10 நாள்தான் ஆகும். ஆகவே முதல் சுத்தத்திலிருந்து ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, புதிதாகப் பொரித்தவை முட்டையிடுவதற்குள் மறுபடி இறங்க வேண்டும். அடுத்த வாரம் இன்னொரு முறை. கண்ணுக்கு ஒன்றுமே தெரியாவிட்டாலும் செய்ய வேண்டும். நான் காலண்டரில் மூன்று தேதிகளைச் சுழித்து வைத்துக்கொண்டு செய்தேன். மூன்றாவது முறைக்குப் பிறகுதான் துணி சுத்தமாகவே நின்றது. அதற்கு அடுத்த வாரம் முதன்முதலாகக் கோழிகள் தாமாகவே உள்ளே போயின. மரத்தில் ஏறிய இரண்டும் மட்டும் இன்னும் ஒரு மாதம் மரத்திலேயே தூங்கின. அதுகளை நான் குறை சொல்ல மாட்டேன்.

கூட்டைக் காலியாகப் போட்டுவிட்டால் பட்டினியில் செத்துவிடாதா என்று பலர் கேட்பார்கள். குளிர்ந்த இடத்தில் எட்டு ஒன்பது மாதம்கூட ரத்தம் இல்லாமல் தாக்குப்பிடிக்கும். ஆறு மாதம் பூட்டிக் கிடந்த கூட்டில் புதுக் குஞ்சுகளை விட்டு, ஒரு வாரத்தில் பாதியைப் பறிகொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். யாராவது பழைய கூட்டைத் தருகிறேன் என்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், முதலில் கத்தி முனையை அதன் சந்துக்குள் விட்டுப் பாருங்கள்.

மருந்தைப் பற்றி. பெர்மெத்ரின் சேர்ந்த தெளிப்புகள் பரவலாகக் கிடைக்கின்றன. சந்துக்குள் போகும்படி அடித்தால் வேலை செய்யும். ஆனால் ஒரே மருந்தை வருடக்கணக்கில் அடித்த இடங்களில் செள்ளுக்கு அது பழகிப்போகிறது. வீட்டில் பூனை இருந்தால் மிகவும் கவனம். பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். மீனுக்கும் தேனீக்கும் அப்படியே. ஃப்ளூரலேனர் என்ற மருந்து 2017-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தச் சிற்றுண்ணிக்கென்றே அனுமதி பெற்றது. குடிக்கும் தண்ணீரில் கலந்து 7 நாள் இடைவெளியில் இரண்டு முறை கொடுப்பது. ரத்தத்தோடு சேர்த்து மருந்தையும் குடித்துச் செள்ளு சாகும். சந்து சந்தாகத் தேடி நாம் அலைய வேண்டியதில்லை என்பதுதான் அதில் உள்ள புத்திசாலித்தனம். எந்த மருந்தாக இருந்தாலும், முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். மாட்டுக்கு வாங்கிய மருந்தைக் கண் மதிப்பில் சொட்டு விடுவது எங்கும் நடக்கிறது. கோழியின் எடைக்கு அரைச் சொட்டு அதிகமானாலும் அதிகம்தான்.

எனக்கு உண்மையில் நிரந்தரப் பலன் தந்தது தச்சு வேலை. உள் பலகை அடுக்கை முழுவதும் எடுத்துவிட்டேன். கட்டை இப்போது சுவரைத் தொடுவதில்லை. நான்கு இரும்புக் காலில் தனியாக நிற்கிறது; ஒவ்வொரு காலும் எண்ணெய் ஊற்றிய சிறு டப்பாவுக்குள். சுவரிலிருந்து கோழிக்கு வர வேண்டுமென்றால் எண்ணெய்க் குளத்தை நீந்த வேண்டும். ஒரு கோழியின் வால் சுவரில் பட்டால் இந்த ஏற்பாடு மொத்தமும் வீண் என்பதால் சுவருக்கும் கட்டைக்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்டேன். எண்ணெயில் தூசு படிந்து பாலம் கட்டிவிடும், அவ்வப்போது மாற்ற வேண்டும். சுவர்ச் சந்துகளைக் கெட்டிச் சுண்ணாம்பு அடித்து மூடினேன். வெள்ளைச் சுவரில் சிவப்புப் புள்ளி பளிச்சென்று தெரியும் என்பது கூடுதல் லாபம். கூரை இடுக்கில் சிட்டுக்குருவிகள் கட்டியிருந்த கூட்டை, குஞ்சுகள் பறந்து போகும்வரை காத்திருந்து எடுத்து, இடுக்கை வலை வைத்து அடைத்தேன். காட்டுப் பறவைகள் வழியாகவும் இது வரும். எங்களுக்கு அங்கிருந்து வந்ததா, அதற்கு இரண்டு மாதம் முன்னால் வாங்கிய மூன்று விடைக்கோழிகளோடு வந்ததா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு புதுக் கோழி எது வந்தாலும் மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்துத்தான் சேர்க்கிறேன்.

மறு வருடம் சேவலுக்கு வந்தது வேறு வகை. அதன் பின்பக்கத்து இறகுகள் எண்ணெய் பட்டது போலக் கறுத்து ஒட்டிக் கிடந்தன. நான் பெரிய அனுபவசாலி போலக் கூட்டைத்தான் முதலில் பிரித்தேன். கூடு சுத்தம். பகல் வெளிச்சத்தில் சேவலைப் பிடித்து இறகை விலக்கினால், என் விரல் மேலேயே ஏறின. ஆர்னிதோனிசஸ் வகை சிற்றுண்ணிகள் பெரும்பாலும் இரவும் பகலும் கோழி மேலேயே குடியிருக்கும், முட்டையும் பெரும்பாலும் இறகிலேயே. இதற்குக் கோழிக்குத்தான் வைத்தியம். கறுத்த இறகைக் கத்தரித்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துவட்டி, மருத்துவர் சொன்ன பொடியைப் பின்பக்கத்திலும் இறக்கைக்கு அடியிலும் போட்டு, வாரம் கழித்து மறுபடி போட்டோம். பெட்டைகளைவிடச் சேவலுக்கு இது அதிகமாக ஏறுவதுண்டு என்பதால், இப்போதெல்லாம் சோதனையைச் சேவலில்தான் தொடங்குகிறேன். ஆகவே இரண்டு கேள்வி: இரவில் மட்டும் தெரிகிறதா, பகலிலும் கோழி மேல் இருக்கிறதா? இதற்குப் பதில் தெரியாமல் மருந்து வாங்கப் போவதில் அர்த்தம் இல்லை.

காலில் செதில் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு அப்பியது போலத் தடித்துப்போவதும் ஒரு சிற்றுண்ணிதான். செதிலுக்கு அடியில் துளைத்துக்கொண்டு இருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, மென்மையாகத் தேய்த்து, வாசலின் தடவினால் மூச்சு முட்டிச் சாகும். செதிலைப் பிய்த்து எடுக்கக் கூடாது, ரத்தம் வரும். வாரத்துக்கு இரண்டு முறை தடவினேன்; பழைய செதில் உதிர்ந்து புதுசு வர மாதக்கணக்கில் ஆனது.

கோழிகள் புரள்வதற்கு மணலும் கொஞ்சம் மரச் சாம்பலும் கலந்த ஒரு குழியை மழை படாத இடத்தில் வைத்திருக்கிறேன். மேலே இருக்கிற பேனை அதுகளே உதறிக்கொள்ளும். சந்தில் இருப்பதை அந்தக் குழி ஒன்றும் செய்யாது.

இப்போது மாதம் ஒருமுறை, நெளி அட்டைத் துண்டு ஒன்றைச் சுருட்டிக் கட்டைக்கு அடியில் கட்டிவிடுவேன். அந்த நெளிவுகள் செள்ளுக்குச் சொந்த வீடு மாதிரி. இருந்தால் அதில்தான் போய்ப் பதுங்கும். நான்கு நாள் கழித்து அவிழ்த்து, வெள்ளைத் தட்டில் தட்டிப் பார்ப்பேன். போன வாரம் தட்டியதில் மூன்று விழுந்தன. மூன்றும் சாம்பல் நிறம், ஒன்றிலும் சிவப்பு இல்லை. அட்டையை அடுப்பில் போட்டுவிட்டு, எண்ணெய் டப்பாக்களைப் பார்க்கப் போனேன். ஒன்றில் வைக்கோல் துரும்பு விழுந்து டப்பா விளிம்புக்கும் காலுக்கும் நடுவில் பாலமாகக் கிடந்தது.